சுண்ணாம்புக் கோட்டில் நின்ற குழவி

ராயபுரத்தில் எங்கள் சந்தில் என் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை இருந்தது. அதில் வீடு கட்டலாமா கூடாதா என்று, இரண்டாயிரம் பிறக்கிற சமயத்தில், சந்தே இரண்டுபட்டது. இரண்டுபட்டது என்பதும் சரியில்லை. அந்தப் பக்கம் எல்லோரும், இந்தப் பக்கம் நான் ஒருத்தி.

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். மெதுவாகத்தான் வரும். படிக்கிறவர்களும் அவசரப்பட வேண்டாம்.

மனை ஒரு பாயுடையது. சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம் அவருக்கு. அவர் அப்பா காலத்து ஓட்டு வீடு இடிந்து விழுந்த பிறகு, அது பெயருக்குத்தான் அவருடையதாக இருந்தது. எதிர்வீட்டுக்காரி கருவாடு காய வைப்பாள். மற்றவர்கள் துணி உலர்த்துவார்கள். பிள்ளைகள் பந்து அடிப்பார்கள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் காய்ச்ச அங்கேதான் அடுப்பு வெட்டுவோம். யாராவது செத்தால் சாமியானா போட்டு உடம்பைக் கிடத்துவதும் அங்கேதான். எங்கள் வாசல்கள் எல்லாம் குனிந்து நுழைகிற வாசல்கள். உள்ளே வைத்து அழ இடம் ஏது? என் வீட்டுக்காரரும் அந்த மண்ணில் கிடந்துதான் புறப்பட்டார்.

அப்படிப்பட்ட இடத்தில் மாடி கட்டி வாடகைக்கு விடப்போவதாக பாய் வந்து சொன்னார். சந்துக்காரர்களுக்கே முதலில் தருவேன் என்றும் சொன்னார். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். காரணம் என் மகள்.

மகளை எண்ணூரில் கொடுத்திருந்தேன். மருமகனுக்கு லாரி ஓட்டுகிற வேலை. அவர்கள் குடியிருந்த பக்கம் காற்றோடு கரண்ட் கம்பெனிச் சாம்பல் வரும். காலையில் கொடியில் போட்ட துணியைச் சாயங்காலம் எடுத்தால் மாவு உதிர்கிற மாதிரி உதிரும். மூடி வைத்த சோற்றிலும் பல்லில் நறநறக்கும். மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. அவள் பேசும்போது ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொல்வாள். இந்தப் பக்கம் வீடு தேடித் தேடிக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். என் வீடு ஒரே அறை. அதில் பாதி இட்லிக் கடை. மாமியார் வீட்டில் வந்து தங்க மருமகன் சம்மதிக்கமாட்டான். அவனைப் போய்க் கேட்க நானும் சம்மதிக்கமாட்டேன். அதனால் அந்தக் காலி மனையில் செங்கல் ஏறினால்தான் என் மகள் மூச்சு விடுவாள் என்று இருந்தது எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மனையிலேயே கூடிப் பேசினார்கள். பாயையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஏற்கனவே கக்கூஸ் தண்ணி ரோட்ல ஓடிக்கினு கீது. இத்தினி குடும்பம் வந்தா ஓடம் வுட்டுக்கினுதான் போவணும்," என்றான் ஹார்பர் வேலைக்காரன் ஒருவன்.

"சமுத்திரக் காத்து இந்த சந்துலதான் பூந்து வர்து. சொவரு வெச்சா பொட்டில போட்டு மூடின மாரிதான்," என்றாள் இன்னொருத்தி.

எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? அவள் என்னைவிட நாலைந்து வயது சின்னவள். காசிமேட்டில் மீன் எடுத்து, விற்றது போக மிச்சத்தைக் கருவாடாக்கிப் பிழைப்பவள். என் கடையில் முதல் ஈடு இட்லி எப்போதும் அவளுக்குத்தான் போகும்.

"பாய், உங்க எடம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா எம் மீன நா எங்க போய் காய வெப்பேன்? என் தலமேலயா?"

"உன் தலைல எண்ணெ ஜாஸ்தி, கருவாடு வழுக்கினு போயிடும்," என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு நான் எழுந்து, "அவுரு எடம், அவுரு கட்டட்டும். குடியிருக்க வூடு இல்லாம எத்தினி பேரு அல்லாடறாங்கோ," என்றதும் சிரிப்பு நின்றது.

"யக்கா, உன் பொண்ணு வர்றதுக்கு எங்க காத்த அடைக்கிறியா?" என்றாள் அவள்.

"உன் கருவாட்டுக்கு எம் பொண்ணு மூச்ச அடைக்கச் சொல்றியா?"

கூட்டம் கலைந்தது. மறுநாள் காலை அவள் இட்லி வாங்க வரவில்லை. முதல் ஈட்டை யாருக்கு வைப்பது என்று தெரியாமல் தட்டோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

பாய் ஆட்களை விட்டு மனையைச் சுத்தம் செய்தார். கடைக்கால் தோண்ட சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், அந்தக் கோட்டின் மேலேயே ஒரு கல் நிற்கிறது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சின்னதாய் ஒரு சிவப்புப் பாவாடை கட்டி, சுற்றிலும் வேப்பிலை. வேலைக்கு வந்தவர்கள் கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி தலைக்குக் குளித்து முடியை விரித்துவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "கனாவுல வந்தா. இங்கதான் குந்தப் போறேன்னா," என்றாள்.

பாய் வந்து தூரத்திலேயே நின்றுகொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"உங்க சாமிம்மா. நா அதும்மேல கை வெக்க மாட்டேன். எங்க வாப்பா காலத்துலேந்து இந்த சந்துல ஒரு சண்ட வந்ததில்ல," என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆட்களை அனுப்பிவிட்டார்.

சந்தில் மூத்தவள் நான். தாலி அறுத்தவள் என்றும் பார்க்காமல் மஞ்சள் சாத்த என்னைக் கூப்பிட்டார்கள். என்னை வைத்தே அதைச் சாமி என்று முத்திரை போட்டுக்கொள்கிறார்கள் என்று தெரிந்தும் போனேன். சாமி என்று கூப்பிட்டால் எப்படிப் போகாமல் இருப்பது? மஞ்சள் குழைத்துக் கல்லில் கை வைத்தேன்.

கை வைத்ததும் தெரிந்துவிட்டது. அது என் குழவி.

கிரைண்டர் வாங்குகிற வரைக்கும் பத்துப் பதினைந்து வருஷம் கடைக்கு மாவாட்டிய குழவி. வலது பக்கம் கொஞ்சம் அதிகம் தேய்ந்திருக்கும். அடிக்குச் சற்று மேலே சில்லு பெயர்ந்து, சுண்டுவிரல் போய் உட்காருகிற மாதிரி ஒரு பள்ளம். கிரைண்டர் வந்த பிறகு ஆட்டுக்கல்லையும் குழவியையும் உடைக்க மனசு வராமல் மனை மூலையில் வைத்திருந்தேன். ஆட்டுக்கல்லில் மழைத் தண்ணீர் தேங்கி, காக்காய் குடிக்கும். குழவி எப்போது அங்கிருந்து எழுந்து வந்தது என்று நான் கவனிக்கவில்லை. இப்போது பாவாடை கட்டி நிற்கிறது. கைப்பிடிக் கட்டை செருகுகிற குழியை மஞ்சளால் மெழுகி மூடியிருந்தார்கள்.

எதிர்வீட்டுக்காரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல் எங்கே கிடந்தது என்று தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அப்போது தெரிந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இட்லித் தட்டில் மாவு ஊற்றினால் வழிந்தது. உள்ளே போவேன், எதற்குப் போனோம் என்று தெரியாமல் வெளியே வருவேன். வெளியே வந்தால் அது நிற்கும். சாமி இல்லை, குழவிதான் என்று சொல்லலாம் என்றால், அதற்குள் ஜனங்கள் பால் ஊற்றிவிட்டார்கள். நானும் போக வர ஒரு கும்பிடு போட ஆரம்பித்திருந்தேன். கும்பிட்ட பிறகு அது வெறும் கல்தானா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

மகள் ஒரு நாள் எண்ணூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். சந்து முனையிலிருந்து என் வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பம்மா... கட்டுவாங்க?"

"கட்டுவாங்க."

"சாமி வந்துட்டாளாமே... அவுரு சொல்லிச்சு. வேற எடம் பாக்கலாம்னு..."

"வேற எடம் எங்க கீது? குந்து. தண்ணி குடி."

தண்ணீர் குடிக்கக்கூட அவள் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். அன்று சாயங்காலமே பாயிடமிருந்து ஒரு ஆள் வந்தான். வேறு யாருக்காவது மனையை விற்றுவிட்டு ஒதுங்கலாம் என்று பாய் நினைப்பதாகச் சொன்னான். விற்றால் சந்துக்காரருக்கு முதலில் என்ற வார்த்தையும் அவரோடு போய்விடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரும் கற்பூரம் காட்டக் கூடியிருந்தபோது நான் குளித்து, புதுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். என் கையில் பழைய குழவிக் கட்டை இருந்தது. இத்தனை நாளும் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன்.

"இன்னா யக்கா கட்டையோட வர்ற? யார அடிக்கப் போற?" என்றான் ஹார்பர்காரன்.

"யாரையும் அடிக்கல நைனா. தாயி எங்கூட்டுக் கல்லுல வந்து குந்திக்கீறா. நா ஆட்டின கல்லு. வந்தவ எங்கூட்டுக்கே வரட்டும். அழைச்சிக்கினு போவ வந்துக்கீறேன்."

"உங்கூட்டுக் கல்லா? சாமிய போயி கொயவின்றியா?" எதிர்வீட்டுக்காரி எழுந்து நின்றாள். குரல் உயர்ந்திருந்தது, ஆனால் கண் கட்டையின் மேல்தான் இருந்தது.

"நா சாமி இல்லன்னு சொன்னனா? சாமிதான். கல்லு என்துன்றேன். இல்லன்னு நீ சொல்லு. உச்சில குழி கீது, இந்தக் கட்டைய அதுல சொருவிக் காட்டட்டா?"

அம்மன் தலையில் கட்டை இறங்குவதைப் பார்க்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. உண்மையில் எனக்கும் இல்லை. அவள் செருகு என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ!

"வோணாம்," என்றாள் அவள். "வோணாம் யக்கா. தூக்கினு போ."

தூக்கினேன். பாவாடையோடு மார்பில் அணைத்துத் தூக்கினேன். கனம் பழகின கனம்தான். என் வாசலுக்குப் பக்கத்தில், இட்லி அடுப்புக்கு எதிரில் வைத்தேன். பெண்கள் பின்னாலேயே வந்து கற்பூரம் காட்டினார்கள். ஹார்பர்காரன் மட்டும், "இனிமே இட்லிக்கும் உண்டியலு வெப்பியா?" என்றான்.

கோடு காலியானதும் பாய் விற்கிற யோசனையை விட்டார். கட்டடம் எழும்பியது. அவர்கள் பயந்தது எல்லாம் நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காற்று நின்றது. என் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் சுவர். மழைக்குச் சாக்கடை பொங்கியது. ஒரு சாவு விழுந்தபோது உடம்பைத் தெருவிலேயே கிடத்தினோம். ஸ்கூட்டர்காரன் ஆரன் அடித்தான். கருவாட்டுக்கு மொட்டை மாடியைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார் பாய். ஆனால் குடிவந்தவர்கள் வாடை என்று முகம் சுளித்தார்கள். எதிர்வீட்டுக்காரி அதற்குப் பிறகு மேலே ஏறவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் அலைக்குத் தடுப்பாகப் போட்ட கல்வரிசைக்குப் போய்க் காய வைத்தாள். நாய் வாய் வைக்காமல் காவலாக அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

மகள் கீழ்த்தளத்துக்கு வந்தாள். பாய் வார்த்தை தவறவில்லை. அவள் சமையலறை ஜன்னலும் என் ஜன்னலும் எதிரும் புதிரும். இருமல் ஒரேயடியாக நிற்கவில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொன்னாள். முதல் முதலாக அவள் அப்படிச் சொன்னது, "உன் அடுப்புப் புகை எல்லாம் எங்கூட்டுக்குள்ள வர்து, கொஞ்சம் தள்ளி வெய்யிம்மா," என்பது. அடுப்பை நகர்த்தினேன்.

அந்த வருஷம் ஆடிக் கூழ் என் வாசலில்தான். அடுப்பு வெட்ட மண் இல்லாததால் தெருவில் செங்கல் அடுக்கினோம். எதிர்வீட்டுக்காரி கூழுக்குச் செம்போடு வந்தாள். என்னிடம் அப்போதும் அவளுக்குப் பேச்சில்லை. கல்லுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். சுண்டுவிரல் பள்ளத்தில் அவள் விரலும் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

"உனுக்கு இன்னா, சொகமா நெழல்ல குந்திக்கினே," என்றாள் கல்லிடம். "எம் மீனுக்குத்தான் வெயிலு பூடுச்சு. கேக்க ஆளு கீதா?"

கரண்டியோடு நின்றிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மகள் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள், மூச்சு விடாமல். நான் எதிர்வீட்டுக்காரியின் செம்பை வாங்கி, விளிம்பு வரைக்கும் கூழ் ஊற்றினேன். அவள் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கடல் பக்கம் நடந்தாள். அவள் மீன் காய்ந்துகொண்டிருந்தது.