ஞாயிறு நாலு மணிக்கு ஜெறோம் அண்ணை போன இடம்

செய்தி வந்தபோது நான் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மீசைக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டிருந்தேன். அன்று பின்னேரம் ஒரு கல்யாண வரவேற்பு. வலது பக்கம் முடிந்து இடது பக்கம் தொடங்குகிற நேரத்தில் தொலைபேசி அடித்தது. கராஜிலிருந்து செல்வன். எங்களோடு பஸ் ஓட்டுகிறவன்.

"அண்ணை, ஜெறோம் அண்ணை செத்துப்போனார்."

"விசர்க்கதை கதையாதை. நாளைக்கு நாலு மணிக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்."

"கன்ரீனில தேத்தண்ணியோட இருந்தவர், அப்பிடியே சரிஞ்சிட்டார். அம்புலன்ஸ் வந்தும் ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு."

"இல்லையடா, காலமை ஏழு மணிக்கு மெசேஜ் போட்டவர்."

காலையில் செய்தி அனுப்பிய மனிதனுக்கு அன்றைக்குச் சாக அனுமதி இல்லை என்பதுபோல் நான் வாதாடிக்கொண்டு நின்றேன். செல்வன் அழத் தொடங்கிய பிறகுதான் வாயை மூடினேன். அந்தச் செய்தி இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. "நாளைக்கு நாலு மணி. புதுப் பாட்டு. மறக்காதை."

தோர்ண்டன் ஹீத்தில் அவருடைய வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. பின்னால் வந்த என் மனைவிதான் என்னை ஒரு மூலைக்கு இழுத்து, "போய் முகத்தைக் கழுவுங்கோ. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை" என்றாள். அதற்குள் எங்கள் தேவாலயத்துப் பங்கு மக்களில் பாதிப்பேர் பார்த்துவிட்டார்கள். அரை மீசையோடு செத்தவீட்டுக்குப் போன ஆள் என்று என்னை இனி நீங்கள் எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பீர்கள். வைத்திருங்கள்.

ஜெறோம் அண்ணையை உங்களுக்குத் தெரியும். கோயில் பாடகர் குழுவில் பின்வரிசை, தூணோடு ஒட்டி நிற்பவர். பத்துக் கேள்விக்கு ஒரு "ஓம்" சொல்லுகிறவர். ஆனால் இரண்டு வருடமாக ஞாயிறு பின்னேரங்களில் அவர் எங்கே போனார் என்பது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர் இருக்கும்வரை அவருடைய மனைவி றோசி அக்காவுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அதை எழுதும்படி அக்காவே கேட்டதால் எழுதுகிறேன். நான் ஓ.எல். பரீட்சையை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் கன்ரீனில் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து, "தேவா, நான் பாட்டு எழுதுறன்" என்றார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற குரல். "கண்ட்ரி பாட்டு. இங்கிலிசில. ஆரிட்டையும் சொல்லாதை, சனம் சிரிக்கும்."

கண்ட்ரி என்றால் அமெரிக்காவின் லொறிக்காரரும் தோட்டக்காரரும் தங்கள் கவலையைக் கிற்றாரோடு சொல்லுகிற பாட்டு என்று பிறகு விளங்கப்படுத்தினார். "அவங்கள் ஆயிரம் மைல் றோட்டைப் பாடுறாங்கள். நான் ஒரே ஏழு மைல் றோட்டை ஒரு நாளைக்கு எட்டுத்தரம் ஓடுறன். எனக்கும் பாட ஏதோ இருக்கும்தானே?"

ஞாயிறு பின்னேரங்களில் அவர் போன இடம் ஒரு பப்பின் பின்னறை. நாற்பது பேர் இருந்தால் நாற்பத்தோராவது ஆள் மூச்சுவிட இடம் கேட்க வேண்டும். மேடை இல்லை. நடுவில் நாலு கதிரை, ஒன்றை ஒன்று பார்த்தபடி. பாட்டெழுதுகிற நாலு பேர் அதில் இருப்பார்கள், நாங்கள் சுற்றிவர இருப்போம். ஒவ்வொருவராக, தன் பாட்டு எங்கிருந்து வந்தது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் பாட வேண்டும். பாட்டு நடக்கும்போது ஒரு சத்தமும் கூடாது. நடத்துகிற பெற்றி என்ற வெள்ளைக்கார அம்மா, எழுபது வயது இருக்கும், கண்ணாலேயே இருமலை நிறுத்துவா.

இதெல்லாம் எனக்கு முதல் நாள் தெரியாது. முதன்முதலாகப் பாடுகிற மனிதனைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா என்று மனைவி கேட்டாள். அவளிடம் கலைவிழா என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஈஸ்ட் ஹாமுக்குப் போய்ச் சரிகை வைத்த பொன்னாடை ஒன்று வாங்கினேன். ஜெறோம் அண்ணை பாடிக்கொண்டு வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். கண்ணை மூடினார். முடிந்துவிட்டது என்று நினைத்து நான் எழுந்து, நாற்பது பேரின் முழங்காலையும் இடித்துக்கொண்டு போய், அவருக்குப் பொன்னாடையைப் போர்த்தினேன். அது தோளில் நிற்காமல் வழுக்கிக் கிற்றாருக்கு மேல் விழுந்தது. பாட்டு முடியவில்லை. பாதிதான் ஆகியிருந்தது. மீதிப் பாதியை அவர் பொன்னாடைக்குள் கையை விட்டு வாசித்தார். போர்வைக்குள் கோழி அடைபட்டதுபோல ஒரு சத்தம்.

முடிந்ததும் யாரோ ஒருவர், இது உங்கள் வழக்கமா என்று கேட்டார். "ஓம், இந்த ஆளின்ர வழக்கம்" என்று அண்ணை இங்கிலிசில் சொன்னார். அந்த அறை சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "பாட்டில மூச்சு விட ஒரு இடம் வேணும் தேவா. அதுக்குள்ள நீ ஒரு கலியாணமே நடத்திப்போட்டாய்."

அதற்குப் பிறகு லீவு கிடைத்த ஞாயிறெல்லாம் போனேன். என் இங்கிலிஷ் பஸ்ஸுக்கு மட்டும் போதுமானது, பாதிப் பாட்டு விளங்காது. ஆனால் கோயிலில் தூணுக்குப் பின்னால் ஒளிகிற மனிதன் அங்கே தலை நிமிர்ந்து இருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்ப்பார். கண்டதும் தொடங்குவார்.

இந்த வருடம் பனி விட்ட காலத்தில் என்னிடம் ஓர் உதவி கேட்டார். "றோசியை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வா. நான் கேட்டால் என்ன விளையாட்டு எண்டு சிரிப்பா. நீயும் உன்ர மனிசியும் கேட்டால் வருவா. அவவுக்கு ஒரு பாட்டு எழுதுறன்." நான் ஓம் என்றேன். அடுத்த மாதம் கேட்டார். "மறந்துபோச்சு அண்ணை" என்றேன். பிறகும் கேட்டார், பிறகும் மறந்துபோச்சு. கடைசி வெள்ளிக்கிழமை கன்ரீனில், "இந்த ஞாயிறு கூட்டிக்கொண்டு வருவாய்தானே?" என்றார். "கட்டாயம்" என்றேன். சனிக்கிழமை மீசைக்கு மை பூசும்வரை நான் அக்காவோடு கதைக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, செத்தவீட்டில், நாலேகாலுக்கு ஜெறோம் அண்ணையின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. றோசி அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா.

"தம்பி, ஆர் இந்தப் பெற்றி?"

வாசித்தேன். 'எங்கே இருக்கிறாய் என் அன்பே, உன் கதிரை காத்திருக்கிறது' என்று இருந்தது. இந்த ஊரில் அந்த அன்புக்கு ஒரு பெறுமதியும் இல்லை, பஸ்ஸில் ஏறும் கிழவிகள் என்னையே அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா விடவில்லை.

"ரெண்டு வருசமா ஞாயிறில ஓவர்டைம் எண்டு போனவர். கராஜ்க்காரர் வந்தவை, கேட்டன். ஞாயிறில அவருக்கு வேலையே இல்லையாம். உமக்குத் தெரியும். உம்மட முகத்தில தெரியுது."

அவவின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. இரண்டு நாளில் புருசனை இரண்டு தரம் இழக்கிற பெண்ணின் முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாட்டோ? அந்த மனிசனோ? கறிக்கு உப்புக் காணாது எண்டுகூடச் சொல்லாத மனிசன்." "எனக்கு ஏன் ஒளிச்சவர்? நான் சிரிப்பன் எண்டோ? இருபத்தாறு வருசத்தில என்னை அவ்வளவுதான் தெரியுமோ?"

நான் தொலைபேசியை அவவின் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

அடக்கம் முடிந்து வந்த இரண்டாவது ஞாயிறு அவவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். பெற்றி வாசலுக்கு வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்தா. நடுவில் நாலு கதிரை. ஒன்றில், அவர் அங்கேயே விட்டுப்போகிற கிற்றார் மட்டும் இருந்தது. அவரது முறை வந்தபோது பெற்றி தன் தொலைபேசியை அந்தக் கதிரையில் வைத்தா. அவர் கடைசியாக வந்த ஞாயிறு, எல்லோரும் போன பிறகு, புதுப் பாட்டை ஒருதரம் பாடிப் பார்த்திருக்கிறார். பெற்றி அதைப் பதிந்து வைத்திருந்தா.

முதலில் இங்கிலிசில் அவர் குரல்: "இது என் மனைவிக்கு எழுதின பாட்டு. நான் இங்கே வருவது அவவுக்குத் தெரியாது. அடுத்த கிழமை அவ இந்த அறையில் இருப்பா. என் சினேகிதன் கூட்டிவருகிறான்." பிறகு பாட்டு. அவர் தமிழில் எழுதியது அது ஒன்றுதான்.

"மூடின கோப்பைக்குள்ள சோறு சுடுகுதடி
முழிச்சிருந்த உனக்குச் சொல்ல வாயில்லையடி"

ஊசி விழுந்தால் கேட்கிற அறை. றோசி அக்கா உரக்கச் சொன்னா: "அவர் வேலையால வரும்வரை சோத்தை மூடி வைக்கிறதோட விடுறேல்லை. மேல துணியும் சுத்தி வைப்பன்." ஒருவரும் அவவை அடக்கவில்லை. பெற்றியும் இல்லை. அப்போதுதான் அக்கா அழுதா.

அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். ஓடி வருகிற ஆளைக் கண்டால் அவர் கதவைச் சாத்தமாட்டார். "பஸ் பிந்தினால் கொன்ட்ரோலர் ஏசுவான். ஏசட்டும். ஏறினவன் ஏச மாட்டான்" என்பார். இப்போது நானும் கதவைச் சாத்தாமல் நிற்கிறேன். ஏச்சும் வாங்குகிறேன்.

அந்த ஞாயிறு பப்பிலிருந்து திரும்பி வரும்போது காரில் அக்கா கேட்டா: "அப்ப என்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி உம்மட்டைச் சொன்னவரோ?"

"ஓம் அக்கா. மூண்டு நாலு தரம் சொன்னவர். நான் மறந்துபோனன்."

அவ என் தோளில் தட்டினா. "பரவாயில்லை தம்பி. மறதி ஆருக்குத்தான் இல்லை. அவர் சொன்னவர்தானே, அது காணும்."

இதுவரை எழுதியதெல்லாம் அக்காவிடம் வாசித்துக் காட்டியது. இனி வருவதை வாசித்துக் காட்டவில்லை. காரில் வாய்வரை வந்தும் சொல்லவில்லை. நான் மறக்கவில்லை, அக்கா. அந்த அறையில் அவர் தேடிப் பார்க்கிற ஒரே முகம் என்னுடையதாக இருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.