கிச்சாவின் தயிர்சாதம்

டாக்டர் டார்ச் ஒளியைக் கிச்சாவின் கண்ணருகே கொண்டுவந்தார். பூனை இமைக்கவில்லை. பஞ்சுருண்டை ஒன்றை அதன் முகத்தின் முன்னால் விழவிட்டார். தலை திரும்பவில்லை. பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"என்ன சாப்பிடுது, மாஷிமா?" என்று வங்காளிகள் வழக்கப்படி சித்தி முறை வைத்துக் கேட்டார்.

"தயிர்சாதம்" என்றாள் சரோஜா. வங்காள மொழியில் சொல்லும்போதும் அதில் ஒரு பெருமை இருந்தது. "நெய் விட்டுப் பருப்புசாதம். பால்."

"மீன்?"

"எங்க வீட்ல அதெல்லாம் கிடையாது."

லேக் கார்டன்ஸில், வீட்டின் முன்னறையிலேயே இட்லி மாவும் வடகமும் விற்பவள் சரோஜா. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள்முதல் மார்க்கெட்டில் மீன் வரிசையை மூச்சடக்கியே கடக்கிறாள். மகள் சுபிக்ஷா கல்லூரிக் காலத்தில் மாடிப்படியடியிலிருந்து குட்டியைத் தூக்கிவந்தபோது சரோஜா ஒரே நிபந்தனை போட்டாள்: நாம் சாப்பிடுவதைத்தான் அதுவும் சாப்பிட வேண்டும். கிச்சா சாப்பிட்டது. மாவு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொள்வாள்.

"மாமிசத்துல மட்டும் இருக்கிற சத்து ஒண்ணு பூனைக்கு வேணும்" என்றார் டாக்டர். "அது இல்லேன்னா கண் போகும், இதயமும் கெடும். ஆனா பிறந்ததிலேருந்து இதே சாப்பாடுன்னா இவ்வளவு நாள் தாங்கியிருக்காதே?"

துணைக்கு வந்திருந்த மாடி வீட்டு மீரா சுவரைப் பார்த்தாள். அண்ணி முறை வைத்து அவளைப் பௌதி என்றுதான் சரோஜா கூப்பிடுவாள்.

"சுபி இவனை தினமும் மொட்டைமாடிக்குக் கொண்டுவருவா" என்றாள் பௌதி. "என் சமையலறையிலேருந்து மீன் போகும். உனக்குத் தெரிஞ்சா பூனையோட சேர்த்து என்னையும் தலைமுழுகிடுவியே."

"இப்ப ஏன் கொடுக்கல?"

"நீ கதவைத் திறந்தாத்தானே! ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சுட்ட. அதுக்குப் பூணூல் ஒண்ணுதான் போடல."

வலை அடித்தது மகள் டொராண்டோவுக்குப் போன பிறகு. அவள் விட்டுப்போனவற்றில் மூச்சுவிடுவது கிச்சா ஒன்றுதான். அது தொலைந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் எதைக் காட்டுவது? மகள் பேசத் தொடங்குவதே "கிச்சா எங்கே?" என்றுதான்.

"பார்வை வருமா?"

"அது போனதுதான். இதயத்தைக் காப்பாத்தப் பாக்கலாம். மருந்து தரேன். சாப்பாடும் மாறணும், மாஷிமா. இன்னிக்கே பூனைத் தீனி பாக்கெட் வாங்குங்க. ருசிக்குக் கொஞ்சம் மீன்."

அன்று ஞாயிறு. மாலையில் ஃபோன் வந்தது.

"என்னம்மா, என்னைப் பாக்கவே மாட்டேங்கறான்? கோவமா?"

சரோஜா ஃபோனைப் பூனையின் அருகே கொண்டுபோனாள். குரல் வந்த பக்கம் அது காதை மட்டும் திருப்பியது.

"அவனுக்குக் கண் தெரியலடி."

எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மீன் விஷயம் சொன்னா அவனை வெளில அனுப்பிடுவியோன்னு..."

"அனுப்பியிருப்பேன்" என்றாள் சரோஜா. பிறகு கேட்டாள்: "எப்ப வரே?"

"லீவு கேக்கணும்மா."

"கேளு. உன் கை வாசனை அவனுக்குத் தெரியும்."

தன் முகம் திரையில் விழாதபடி ஃபோனைப் பூனைப் பக்கமே பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் சரோஜா மார்க்கெட்டுக்குப் போய்ச் சின்ன மீன் வாங்கினாள். வெட்டித் தரவா என்று மீன்காரன் கேட்டான். சரியென்று தலையாட்டினாள். புதிதாக ஒரு அலுமினியப் பாத்திரம் வாங்கி, பின்பக்க வராந்தாவில் மின்னடுப்பு வைத்து வேகவிட்டாள். பௌதி முள் எடுத்துக் கொடுத்தாள். கிச்சா மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டது. சரோஜா தட்டைக் கழுவிவிட்டுக் குளித்தாள். சாயங்காலம் மாவு விற்றுத் தீர்ந்தது. ஃபோன் வரவில்லை. அன்று திங்கட்கிழமை.