வரியின் நடுவில் ஒரு மூச்சு

பாட்டின் கடைசி வரிக்கு மூச்சு போதவில்லை. அதுதான் முதல் அறிகுறி. எழுபதுகளின் இறுதியில் ஒரு மழைக்காலம். டெல்லிப் புழுக்கம் என்று விட்டுவிட்டேன்.

ஆங்கில ஆராதனை முடிந்த கிறிஸ்தவக் கோயிலில் ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தமிழ் ஆராதனை நடக்கும். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். பாடகர் குழுவில் நான் சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்). பிரசங்கத்தின்போது மனம் அலையும். தனியே ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராது. பாடும்போது மட்டும்தான் எனக்கு ஜெபம் வரும்.

கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டி. தைராய்டு (குரல்வளையை ஒட்டிய சுரப்பி) வீங்கியிருந்தது. புற்றுநோயா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள், அறுவை மருத்துவர் எழுதிக்கொண்டே கேட்டார், நான் பாடகி இல்லையே என்று.

"ஆப் சிங்கர் தோ நஹி?"

"நஹி, டாக்டர் சாப்."

பொய் சொல்லவில்லை. எங்களுக்குப் பாடகி என்றால் ரேடியோவில் பாடுகிறவள். கோயிலில் பாடுவது ஆராதனை. இதை வாசிக்கும் உங்களிடம் அந்தக் கேள்வி வந்தால், ஆமாம் என்று சொல்லுங்கள். விளைவு மாறாமல் போகலாம். என்ன வரக்கூடும் என்றாவது தெரிந்திருக்கும்.

கட்டி புற்றுநோய் இல்லை. ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு அதோடு ஒட்டியிருந்தது; கட்டியை எடுக்கும்போது அதற்கும் அடிபட்டது. கண் விழித்துத் தண்ணீர் கேட்டேன்; காற்றுதான் வந்தது. குரல் திரும்புகிறதா என்று பார்க்க ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார்கள். பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட ஸ்பூனால் தட்டைத் தட்டுவேன். ஸ்டேஷன் மணி அடிச்சாச்சு, வாங்க என்பார் என் கணவர்.

ஞாயிறுகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைக் கண்ணால் வாசித்தேன். ஜெபம் வரவில்லை. அதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஆறாம் மாதம், தொண்டை மருத்துவர் சிறு கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். இடது குரல்நாண் (ஒலி எழுப்பும் மடிப்பு) அசையவில்லை. வலது நாண் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் அதைத் தொடுகிறது. இதற்குள் பேசும் அளவுக்குத் தாழ்ந்த, கனத்த குரல் வந்திருந்தது அதனால்தான். உச்சக் குரல் இனி வராது என்றார்.

அந்த ஞாயிறு, குழுவை நடத்தும் அண்ணாச்சி கடைசி பெஞ்சுக்கு வந்தார். அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர், திருநெல்வேலிக்காரர்.

"என்னம்மா, இன்னும் எத்தன நாளு விருந்தாளியா இருக்கப் போற?"

"ஆம்பளக் கொரலாயிட்டு, அண்ணாச்சி. கேக்க நல்லாருக்காது."

"டெனர்ல ரெண்டே பேரு. ஒருத்தன் லீவப் போட்டுட்டு ஊர்ல கெடக்கான். எனக்கு ஆம்பளக் கொரல்தான் வேணும். சேல கட்டுனா சுதி ஓடிப்போயிருமா?"

அடுத்த வாரம் டெனர் (ஆண்களின் மேல் குரல்) பாடும் ஆண்கள் வரிசையின் ஓரத்தில் நின்றேன். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. இரண்டு வாரத்தில் அவர்களுக்கும் பழகிவிட்டது.

டெல்லிக் குளிரில் தழும்பு இறுகுகிறது. ஒரு வரியை ஒரே மூச்சில் முடிக்க முடிவதில்லை; நடுவில் நிறுத்தியாக வேண்டும். முதலில், அங்கே பாட்டு அறுந்துவிடும் என்று பயந்தேன். பக்கத்தில் நிற்பவர் அந்த இடத்தில் மூச்சு எடுப்பதில்லை. நான் நிறுத்தும்போது அவர் குரல் போய்க்கொண்டிருக்கும். மூச்சு வந்ததும் நான் சேர்ந்துகொள்வேன்.

ஜெபமும் இப்போது அப்படித்தான் வருகிறது. நான் நிறுத்திய இடத்திலிருந்து அல்ல. அது போய்ச் சேர்ந்திருக்கும் இடத்திலிருந்து.