ஒரு மணித்தியாலத்தில் நின்றுவிடும் பஸ்

கொம்பியூட்டர் திருத்துகிறவர்களின் கடைக்கு வருகிற எந்தப் பெட்டியும் பழுதாகி வந்ததில்லை. எல்லாமே "நேற்று வரைக்கும் நல்லா ஓடின" பெட்டிகள்தான். அதிலும், லினக்ஸ் போட்ட கொம்பியூட்டரில் விண்டோஸ் விளையாட்டு ஓட்டித் தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கிட்ட வந்து இருங்கள். நாங்கள் எல்லோரும் ஒரே வருத்தக்காரர். நான் இந்த வருத்தத்தை முல்லைத்தீவு மாவட்டத்தில், புதுக்குடியிருப்பில் அனுபவிக்கிறேன். பட்ட பாட்டைச் சொல்லத்தான் தொடங்குகிறேன், ஆனால் கதை நன்றி சொல்வதில்தான் போய் முடியும் போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விட்டுவிட்டு வந்ததைத் தேடுவது

என் கடை என்று நான் சொல்வது பாதிதான் உண்மை. கடை ரிஸ்வான் நானாவுடையது, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். முன்பக்கத்தில் அவர் போன், சார்ஜர், மின்குமிழ் விற்கிறார். பின்பக்கத்தில் என் மேசை. எங்களிடம் வருகிற கொம்பியூட்டர்களில் பல, வெளிநாட்டில் யாரோ பாவித்துக் களைத்து, பிறகு கொழும்பில் யாரோ பாவித்துக் களைத்து, இங்கே மூன்றாம் கல்யாணத்துக்கு வந்தவை. புது விண்டோஸ் அவற்றில் ஏறாது. கள்ளப் பிரதி போட்டால் வைரஸும் கூடவே குடிவந்துவிடும். அதனால் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் போட்டுக் கொடுக்கத் தொடங்கினேன். கிழட்டுப் பெட்டி குமரி மாதிரி ஓடும், சனம் வாழ்த்திக்கொண்டு கொண்டுபோகும். இரண்டு கிழமையில் அதே சனம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். விளையாட்டு ஓடவில்லையாம்.

விளையாட்டுகளில் முக்கால்வாசி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டவை. அவற்றை லினக்ஸில் ஓட்டுவதற்கு வைன், புரோட்டன் என்று மென்பொருள்கள் இருக்கின்றன. விளையாட்டு தன்னுடைய பாஷையில் கேட்பதை, இவை நடுவில் நின்று லினக்ஸுக்கு விளங்கும்படி சொல்லும். முகம் தெரியாத ஆட்கள் எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தவை. பாதி நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். மற்றப் பாதி நாளுக்குத்தான் நான் இருக்கிறேன். இதையெல்லாம் ஒருநாள் நானாவுக்கு விளங்கப்படுத்தி, விட்டுவிட்டு வந்த விண்டோஸுக்கே ஏன் இந்தச் சனம் அழுகிறது என்று சலித்துக்கொண்டேன். தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"குறை சொல்லாதீங்கோ தங்கச்சி. நாங்களும் விரட்டுப்பட்டுப் போய்ப் புத்தளத்தில இருந்துகொண்டு இருவது வருசம் முல்லைத்தீவைத்தான் தேடினனாங்கள்."

பத்மா அக்காவின் பெட்டி

தேவிபுரத்தில் இருந்து பத்மா அக்கா ஓட்டோவில் வந்து இறங்கினார். ஒரு பழைய கொம்பியூட்டர், கூடவே பெரிய மட்டைப் பெட்டி. பெட்டிக்குள் விளையாட்டுக்கென்று செய்த ஸ்டியரிங் வளையம், காலால் மிதிக்கும் பெடல்கள். கனடாவில் இருக்கிற மகள் தகப்பனுக்கு அனுப்பியது. பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றையும் வாங்கி அனுப்பியிருந்தாள். விண்டோஸில் மட்டும் ஓடும் விளையாட்டு. கொம்பியூட்டரிலோ நான் போட்டுக் கொடுத்த லினக்ஸ்.

அக்காவின் கணவர் செல்வராசா அண்ணை, புதுக்குடியிருப்பில் இருந்து பரந்தன், கிளிநொச்சி, கனகராயன்குளம் என்று வவுனியா வரைக்கும் பஸ் ஓட்டியவர். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருடைய இடக்கண்ணை எடுத்துக்கொண்டது. அதோடு லைசென்ஸும் போனது. மிஞ்சிய கண்ணையாவது காப்பாற்ற மாதம் ஒருமுறை வவுனியாவில் கண் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பஸ்ஸில்தான் போகவேண்டும். இன்னொருவன் ஓட்ட, நான் பின்னால் இருந்து போவதா என்று மனிதர் மூன்று கிளினிக்கை விட்டுவிட்டார். பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கிறாராம். வளர்ந்த மனிதனுக்கு விளையாட்டா என்று நான் நினைத்திருப்பேன் என அக்கா நினைத்திருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார்:

"விளையாடுறதுக்கு இல்லைத் தங்கச்சி, அந்தக் கட்டிலை விட்டு எழும்பிறதுக்கு. எழும்பினால்தானே ஒருநாள் கிளினிக்குக்கும் வெளிக்கிடுவார்."

வலப்பக்கம் மட்டும் திரும்பும் பஸ்

விளையாட்டு முதல் நாளே ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வளையத்தைச் செருகினேன். பஸ் வலப்பக்கம் மட்டும் திரும்பியது. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை. நானா தன் பங்குக்கு வந்து இருந்து, ஒரே சுற்றுவட்டத்தை ஏழு தரம் சுற்றிவிட்டு, தலை சுற்றுகிறது என்று எழும்பிப் போனார்.

பிறகு நான் செய்ததை நீங்களும் செய்திருப்பீர்கள். இணையத்தில் இதே வளையம், இதே வருத்தம் உள்ள ஆட்களைத் தேடினேன். ஒருவர் பக்கம் பக்கமாகப் புலம்பிவிட்டு, கடைசியில் "சரிவந்துவிட்டது, நன்றி" என்று எழுதியிருந்தார். எப்படிச் சரிவந்தது என்று எழுதவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நரகத்தில் தனி அறை இருக்க வேண்டும். நாலாம் நாள் இன்னொரு பக்கத்தில், எந்த நாட்டுக்காரர் என்றும் தெரியாத ஒருவர், எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்றவேண்டும் என்று படிப்படியாக எழுதிவைத்திருந்ததைக் கண்டேன். மாற்றினேன். பஸ் இடப்பக்கம் திரும்பியது. அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதப் போனால், மனிதர் அந்தப் பக்கத்துக்குக் கடைசியாக வந்து ஆறு வருடமாம். மனம் கேட்காமல் நானாவிடம் சொன்னேன். அவர் சார்ஜர்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"பேர் தெரியாட்டியும் ஆண்டவனிட்ட துஆ கேக்கலாம் தங்கச்சி. போய்ச் சேரும்."

நடந்து வருகிற ஆள்

கொம்பியூட்டரைத் தேவிபுரத்தில் கொண்டுபோய் வைத்து, வளையத்தையும் பூட்டினேன். அண்ணை கட்டிலில் இருந்தபடியே வளையத்தைப் பார்த்தார். பிறகு எழும்பி வந்து, சாரத்தை மடித்துக் கட்டி, கதிரையை இரண்டு தரம் முன்னும் பின்னும் நகர்த்தி, அதில் இருந்தார். விளையாட்டில் இங்கிலாந்து வீதிகளைத் தெரிவுசெய்து வைத்திருந்தேன். அங்கேயும் எங்களைப் போல இடப்பக்கம்தான் ஓடுகிறார்கள். ஒற்றைக் கண்ணோடு, அந்தப் பெரிய மாடி பஸ்ஸை ஒரு கல்லில்கூடத் தட்டாமல் கொண்டுபோனார்.

ஆனால் விளையாட்டு அவருக்குப் புள்ளி குறைத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தரிப்பிலும் பிந்துகிறாராம். ஏனென்று பார்த்தால், ஆட்கள் எல்லோரும் ஏறிய பிறகும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். தூரத்தில், நடைபாதையில் ஒரு பெண் நடந்து வருகிறாள். அவள் விளையாட்டின் அலங்காரத்துக்கு வைத்த ஆள், ஏறமாட்டாள், கதவைச் சாத்தினால் புள்ளி கிடைக்கும் என்று சொன்னேன். அண்ணை கதவைச் சாத்தவில்லை.

"வாற ஆளை விட்டிட்டுப் போறதெண்டால், பிள்ளை, அது என்ன பஸ்?"

திரும்பவும் பெட்டிக்குள்

ஒரு கிழமை எல்லாம் நன்றாகப் போனது. அண்ணை காலையில் எழும்புகிறார், முகம் கழுவுகிறார், ஓட்டுகிறார் என்று அக்கா போனில் சொல்லும்போது எனக்கு நானே ஒரு பொன்னாடை போர்த்திக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த கிழமை, விளையாட்டு இடையில் உறைந்துபோகிறது என்றார்கள். எப்போதும் ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகுதான். ஓடிய ஓட்டமெல்லாம் வீண், திரும்பவும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

கொம்பியூட்டரைக் கடைக்கு எடுப்பித்தேன். நானும் நானாவும் மாறி மாறி மூன்று மணித்தியாலம் ஓட்டினோம். ஒன்றும் ஆகவில்லை. திருப்பிக் கொடுத்தேன், அன்றைக்கே உறைந்தது. புரோட்டனில் ஐந்து பதிப்பு மாற்றிப் பார்த்தேன். சூடாகிறதோ என்று காற்றாடியைக் கழற்றித் துடைத்தேன். உறையும்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அண்ணையைக் கேட்டால், ஒன்றும் செய்யவில்லை, பஸ் நின்றது என்பார். என் மேசையில் சுகமாக இருந்து, வீட்டுக்குப் போனதும் படுத்துவிடும் நோயாளியை எந்த வைத்தியர் பார்ப்பார்? அடுத்த கிளினிக்குக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பத்மா அக்கா போன் எடுத்தார். அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வளையத்தைக் கழட்டிப் பெட்டிக்குள்ள வைச்சிட்டார் தங்கச்சி. பழையபடி சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருக்கிறார்."

விசுவமடு கழிந்த பிறகு

அடுத்த நாள் காலை தேவிபுரத்துக்குப் போனேன். கடைசியாக ஒரு தரம், என் கண் முன்னால் ஓட்டுங்கள் என்று அண்ணையைக் கெஞ்சி எழுப்பி, பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன். உறையும் வரைக்கும் எழும்புவதில்லை என்று முடிவு.

மொனிட்டரில் இங்கிலாந்தின் செங்கல் வீடுகள் போய்க்கொண்டிருந்தன. அண்ணை சுவர் மணிக்கூட்டை ஒரு தரம் பார்த்தார். "விசுவமடு கழிஞ்சிட்டுது" என்று தனக்குள் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பரந்தன் சந்தி வந்ததாம், பிறகு கிளிநொச்சி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மணித்தியாலம் கடந்ததும் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினார். கையை நீட்டி மொனிட்டரின் சுவிட்சை அமத்தினார். எழும்பிப் போய், சுவரில் இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். திருநீறு பூசிக்கொண்டு திரும்பி வந்து மொனிட்டரைப் போட்டார். பஸ் உறைந்துபோய் இருந்தது.

கிளிநொச்சி கழிந்து ஏ-9 வீதியில் வவுனியாவுக்குப் போகிற வாகனம் எதுவும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போகாது என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அண்ணை இங்கிலாந்து வீதியில் தன் பழைய வவுனியா ஓட்டத்தையே மணிக்கூடு பார்த்து ஓட்டுகிறார், அதனால் முறிகண்டியையும் இங்கிலாந்தில் தேடவேண்டும் என்றுதான் தெரியவில்லை. மொனிட்டர் அணைந்ததும், படம் காட்ட இடமே இல்லாமல் போய்விட்டது என்று அந்தப் பெட்டி நினைத்துக்கொள்கிறது. நடுவில் நின்ற மென்பொருளும் குழம்பி, விளையாட்டு அப்படியே விறைத்து நிற்கிறது. முதல் கிழமை ஏன் ஓடியது என்றும் கேட்டேன். அப்போது கை பழகவில்லையாம், முறிகண்டி வரைக்கும் போகாமலே திரும்பிவிடுவாராம். இந்தப் பிழையைத்தான் நான் ஐந்து பதிப்புக்குள் தேடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. கும்பிடட்டும், ஆனால் மொனிட்டரை ஏன் நிற்பாட்டுகிறீர்கள் என்று கேட்டேன். இதுகூடத் தெரியாத பிள்ளையா என்பது போல அண்ணை என்னைப் பார்த்தார்.

"முறிகண்டியில எஞ்சினை ஓட விட்டிட்டோ பிள்ளை கும்பிடுறது?"

கச்சான்

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. வளையத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் சும்மா இருந்தது. அதை அமத்தினால் விளையாட்டு தன் இடத்திலேயே நிற்கும், எஞ்சின் சத்தம் அடங்கும், திரை கறுப்பாகும், ஆனால் மொனிட்டர் அணையாது என்று செய்துகொடுத்தேன். இதுதான் சாவி என்றேன். அண்ணை நாலைந்து தரம் அமத்திப் பார்த்து ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து பஸ் உறையவில்லை.

எட்டு நாள் கழித்து, பின்னேரம், கடைவாசலில் வவுனியா பஸ் நின்றது. பத்மா அக்கா இறங்கினார். பின்னால் செல்வராசா அண்ணை, சேர்ட்டும் போட்டு, தலையும் வாரி இழுத்து. அவர் வீட்டை விட்டு வெளியே வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கிளினிக்குக்குப் போய் வருகிறார்களாம். கண் கூடாமல் குறையாமல் அப்படியே இருக்கிறதாம், இனி மாதம் தவறக்கூடாதாம். எப்படி வெளிக்கிட்டார் என்று அக்காவைத் தனியாகக் கேட்டேன். நாள்தோறும் முறிகண்டி வரைக்கும் போய்த்தானே திரும்புகிறேன், மிச்சத் தூரத்தையும் போய்ப் பார்ப்போம் என்று காலையில் அவராகவே சேர்ட்டை எடுத்தாராம். இதுவரை எழுதிய எல்லாருக்கும், வைன் எழுதினவர்களுக்கும் புரோட்டன் எழுதினவர்களுக்கும், ஆறு வருடமாகக் காணாமல்போன அந்த மனிதருக்கும், மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அண்ணை ஒரு பை முறிகண்டிக் கச்சானை, அங்கே விற்கிற வறுத்த வேர்க்கடலையை, என் மேசையில் வைத்தார். நானா அவருக்குக் கதிரை போட்டு, பயணம் எப்படி, பின்னால் இருந்து வந்தது கஷ்டமாக இருந்ததோ என்று கேட்டார். அண்ணை ஒரு கச்சானை உடைத்துக்கொண்டே சொன்னார்:

"பெடியன் நல்லாத்தான் ஓட்டுறான். முறிகண்டியில மட்டும் எஞ்சினை நிப்பாட்டாமல் இறங்கினவன், கூப்பிட்டுச் சொல்லிப்போட்டன். அடுத்த மாதம் பாப்பம்."

நேற்று வரைக்கும் நல்லா ஓடினது என்று இப்போது யார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், ஒரு திருகாணியைக் கூடத் தொடுவதற்கு முன், நேற்று எந்தக் கோயிலில் நிப்பாட்டினீர்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.