கிளி கொத்திய கொய்யா

எங்கள் வீட்டுக்குக் கிளிக்குஞ்சு வந்தது யாருக்கும் கிளி மேல் இருந்த ஆசையால் அல்ல. என் மகளுக்கு மூன்று வயது நெருங்கியும் பேச்சு வரவில்லை. கிளி கொத்திய பழத்தைத் தின்றால் பிள்ளைக்குப் பேச்சு வரும் என்று, எங்களோடு இருக்கும் அண்ணி, என் கணவரின் அக்கா, சொல்லிவிட்டார். மந்திரத்துக்குப் பேர்போன கொள்ளேகால்காரர், ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். அந்த வாரமே என் கணவர் வயரிங் வேலை பார்க்கும் கட்டடத்தில் பட்டுப்போன தென்னையை வெட்டினார்கள். பொந்தில் இருந்த குஞ்சை ஹெல்மெட்டில் போட்டு எடுத்து வந்தார். இதை வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்றேன். பிள்ளை பேசியதும் பறக்க விட்டுவிடலாம் என்றார்.

பிள்ளை ஏன் பேசவில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு விளக்கம் இருந்தது. உள்ளே தமிழ், வெளியே கன்னடம், பாவம் குழம்பிவிட்டது. இனிமேல் கன்னடம் மட்டும் பேசுவோம் என்றார் என் கணவர். தமிழ் மட்டும் என்றார் அண்ணி. இந்தச் சண்டையே இரண்டு மாதம் ஓடியது. காதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது மட்டும் இருவரும் ஒன்று சேர்ந்துகொண்டார்கள்.

"பொட்டப்புள்ளைக்குச் செவிடுன்னு பேரு வாங்கிக் குடுத்துராத புள்ள. நாளைக்கு அவளை யாரு கட்டுவா?" என்றார் அண்ணி.

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் மேல் எனக்கிருக்கும் கோபம் ஒரு பங்கு என்றால், அன்று மூடிய என் வாய் மேல் இரண்டு பங்கு. காதுக்கும் பேச்சுக்கும் வைத்தியம் பார்க்க வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் இங்கே மைசூருக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எங்கள் தெருமுனையிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்.

வளர்க்கச் சொன்னவர்கள் இரண்டு பேர், வளர்த்தவள் நான் ஒருத்தி. இறகு முளைக்காத குஞ்சு, பார்க்கவே சகிக்காது. செருப்புப் பெட்டியில் பழைய புடவையைச் சுருட்டி வைத்தேன். கேழ்வரகுக் கஞ்சியை இளஞ்சூட்டில் ஸ்பூனில் எடுத்து, மூன்று மணிக்கொரு தரம் ஊட்டினேன். பச்சை இறகு வந்ததும் கூண்டுக்கு மாற்றினோம். கைக்குப் பழக்க வேர்க்கடலையை ஊறவைத்து நீட்டினால் கடலையை விட்டுவிட்டு விரலைக் கடிக்கும். ரத்தம் வந்தாலும் கையை இழுக்காமல் இருந்தேன். பத்து நாளில் விரலில் ஏறி உட்கார்ந்தது. நாக்கைத் தட்டி 'டொக் டொக்' என்று கூப்பிடுவேன். பிறகு நான் சமையலறையில் நின்று கூப்பிட்டாலும் கழுத்தைத் திருப்பிக் கூண்டின் ஓரத்துக்கு வந்துவிடும். எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

தினமும் காலையில் கொய்யாத் துண்டைக் கூண்டுக்குள் வைப்போம். அது இரண்டு கொத்து கொத்தியதும் பிடுங்கி, கழுவாமல் என் மகளுக்குக் கொடுக்க வேண்டும். கழுவினால் பலன் போய்விடுமாம். அவளும் சமர்த்தாகத் தின்றாள். ஐந்து மாதம் தின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் எனக்கு முதுகைக் காட்டிக் கூண்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் கை தவறிச் சில்வர் தாம்பாளம் தரையில் விழுந்தது. கிளி அலறிக் கம்பியில் மோதியது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வந்தார். என் மகள் திரும்பவில்லை. கிளி திடீரென்று துள்ளுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

தாம்பாளத்தை எடுத்து மறுபடி போட்டேன். இன்னொரு தரம் போட்டேன். மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா என்ன என்று கேட்டார். என் மகள் சிரித்துக்கொண்டேயிருந்தாள்.

விளையாட்டு மும்முரத்தில் கவனித்திருக்க மாட்டாள் என்றார் என் கணவர். தாம்பாளத்தை அவர் மேல் எறியலாமா என்று நினைத்தேன். உண்மையிலேயே நினைத்தேன். கூப்பிட்டால் வராத பிடிவாதக்காரி என்று அவளுக்குப் பேர் வைத்தவள் நான்தான். வராததற்காக ஒருமுறை முதுகில் அடித்தும் இருக்கிறேன். எதற்கு அடி வாங்கினோம் என்று தெரியாமல் அவள் என் முகத்தைப் பார்த்து அழுதாள்.

மறுநாள் யாரிடமும் கேட்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்ணாடி வைத்த அறையில் உட்காரவைத்து, தலையில் ஒயர் ஒட்டி, பாதி நாள் சோதித்தார்கள். இரண்டு காதிலும் மிகக் குறைவாகத்தான் கேட்கிறது என்றார் சோதித்த பெண். கருவி வைக்கலாம், பயிற்சி கொடுக்கலாம், ஆனால் இந்த வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம், முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். பிறகு படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, சந்தேகம் வந்தபின் இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

கிளி வளர்த்தோம் என்றேன்.

கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார் போல. சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தக் கட்டத்தில் எதுவும் எழுதாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கூப்பிட்டால் உங்கள் குரலுக்குத் திரும்புவாளா என்பது அடுத்த கேள்வி.