நான் மூடி வைத்த புளியங்கட்டை

யாராவது ஒரு படிவத்தை நீட்டினால் முதலில் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது என் பழக்கம். திருகோணமலையில் இருந்துகொண்டு வேறு எப்படி இருப்பதாம்? எங்கள் துறைமுகத்தைப் பற்றிக் கதைக்காத நாடு இல்லை. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் செய்தியில் வராத கிழமை இல்லை. ஆனால், லிங்கநகரில் வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு மாசிக் கருவாடு செய்கிற எனக்கு அதனால் வந்தது என்ன? முன்பொருமுறை சிறுதொழில் விபரம் எடுக்கவென்று சிலர் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் போன கையோடு வரிக் கடிதம் வந்தது. அவ்வளவுதான்.

ஆகவே, பல வருடங்களுக்குப் பிறகு உள்ளூராட்சித் தேர்தல் நடந்து, சபையின் புது உறுப்பினர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றபோது நான் கேற்றைத் திறக்கவில்லை. மீசை இன்னும் சரியாக அரும்பாத தம்பி. வெளியில் நின்றபடியே கதைத்தார்.

"அன்ரி, வெளிநாட்டுக்கு மாசி அனுப்புற மிஸ் ஒராள் கொழும்பிலயிருந்து வாறா. நீங்கள் செய்யிறதை ஒருக்கா வந்து பார்க்கட்டே?"

"பார்த்து?"

"பிடிச்சா ஓடர் தருவா. கனடாவில கடையளுக்குப் போகும். உங்களுக்கு மட்டுமில்லை, மூதூர்ச் சபையோடயும் கதைச்சிருக்கிறம். அங்க இருக்கிற பொம்பிளையளுக்கும் பழக்கலாம்."

அந்தக் கடைசிக் கதையில்தான் எனக்குப் பொறி தட்டியது. என்னிடம் தொழிலைப் பார்த்து எடுத்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, என்னைக் கழற்றிவிடப் போகிறார்கள்.

சூரை மீனை வெட்டி, உப்புத் தண்ணீரில் அவித்து, புகை போட்டு, கல்லாகும்வரை வெயிலில் காய வைத்தால் மாசி. அவிப்பதும் காய வைப்பதும் எல்லோருக்கும் ஒன்றுதான். புகைதான் ஆளுக்காள் வேறு. என்ன விறகு போடுகிறாய் என்று கேட்டால் எங்கள் தொழிலில் ஒருவரும் உண்மை சொல்வதில்லை. கேட்கிறவரும் நம்புவதில்லை. சுகம் விசாரிப்பது மாதிரிக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

என்னுடையது புளியங்கட்டை. எங்கள் வீட்டு வளவில் நின்ற புளி ஒரு காற்றுக்கு விழுந்தது. வேறு விறகு இல்லாத கிழமையில் அதை எரித்தேன், மாசி பொன்னிறமாக வந்தது. அதற்கு மேல் அதில் என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. மரம் முடிந்த பிறகு கந்தளாயிலிருந்து வருகிற விறகு லொறியில், குசினி அடுப்புக்கென்று பொய் சொல்லிப் புளியாகப் பொறுக்கி வாங்கிவந்தேன்.

மிஸ் வருவதற்கு முதல்நாள் கட்டைகளையெல்லாம் கொட்டிலுக்குப் பின்னால் அடுக்கி, படங்குத் துணியால் மூடினேன். அயல் வீட்டில் தேங்காய் உரித்த பொச்சு ஒரு சாக்கு வாங்கிவந்து அடுப்படியில் குவித்தேன். என்னோடு வேலை செய்கிற மச்சாள், என் கணவரின் தமக்கை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"உமக்கென்ன விசரே? அவ விறகைத் திங்கவே வாறா?"

"நீங்கள் பேசாம இருங்கோ மச்சாள். இவங்களை நம்ப ஏலாது."

மிஸ் வந்தார். நான் பொச்சை மூட்டியது உட்பட எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். புகைக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டபோது, "பொச்சுத்தான் மிஸ். மூண்டு நாளும் பொச்சுத்தான்" என்றேன். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. ஆனால் மாதிரிக்கென்று ஒரு பை கட்டும்போது மட்டமானதை எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. புளியம் புகையில் கிடந்த நல்ல துண்டுகளாகப் பார்த்துத்தான் கட்டிக் கொடுத்தேன்.

மாதிரி பிடித்துப்போய்விட்டது. ஓடர் வந்தது. நான் பொச்சு எரித்த படத்தை மூதூரில் ஒரு மண்டபத்துச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்களாம். மாசி போட்டே பழக்கமில்லாத பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்து பார்த்தார்களாம். "அன்ரி, நீங்கள் இப்ப ரீச்சர்!" என்று அந்தத் தம்பி தொலைபேசியில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இப்பவாவது சொல்லும்" என்றார் மச்சாள்.

"முதல் ஓடர் போகட்டும். கழுத்தறுத்தாங்கள் எண்டா?"

ஒருவரும் என் கழுத்தை அறுக்கவில்லை. வந்த படிவத்தின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது. அதுவே எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

பொச்சிலே நன்றாக மாசி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு கைப்பக்குவம், எனக்கே தெரியாது. மூதூர்ப் பெண்களின் மாசி முழுவதும் கறுத்து, கசந்து, திரும்பி வந்தது. என்னுடையதை மட்டும் எடுத்தார்கள். ஆனால் என் ஒருத்தியின் மாசி ஓடருக்குக் காணாது. அடுத்த முறையும் இப்படியென்றால் வேறு ஊர் பார்ப்பதாக மிஸ் சொல்லிவிட்டார்.

அந்தக் கிழமை ஒரு மத்தியானம் மூதூரிலிருந்து ஒருத்தி பஸ் ஏறி வந்தாள். முப்பது வயதிருக்கும். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, கடதாசியில் சுற்றிய கறுப்புத் துண்டொன்றை மடியில் பிரித்தாள்.

"நீங்க காட்டின மாதிரியேதான் செஞ்சம் அக்கா. எங்கட ஆள் புடிச்ச மீனெல்லாம் இதுக்குத்தான் போட்டன். சபை ஆக்கள் படத்தில என்னமோ வெட்டிட்டாங்க எண்டு எங்கட ஆக்கள் செல்றாங்க. மிஸ் விலையைக் குறைக்கப் பாக்கிறா எண்டும் செல்றாங்க."

"நீர் என்ன நினைக்கிறீர்?"

"எனக்குத் தெரியா. ஆனா உங்களில ஒரு குறையும் செல்ல ஏலா. நீங்க ஒளிக்காமக் காட்டினீங்க. அதுதான் உங்களிட்டயே கேக்க வந்தன்."

தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்த மச்சாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. ஊரில் உள்ள எல்லோரையும் சந்தேகப்பட்டவள் நான். அவர்களோ சந்தேகப்பட வேண்டிய ஒருத்தியை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவளைப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ப் படங்கைத் தூக்கினேன். அவள் குனிந்து ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தாள். என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

"புளியா?"

"ஓம். பொச்சு இல்லை. நான் பொய் சொன்னனான்."

அவள் அந்தக் கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கட வளவிலயும் ஒரு புளி நிண்டிச்சி அக்கா" என்றாள். "பொச்சு வாங்கக் காசில்லாம அதைத்தான் வெட்டி வித்தம்."

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் கட்டையை இருந்த இடத்தில் திரும்ப வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அடிக்கட்டை இன்னும் கெடக்கு. அதுல புகை போடலாமா?"

பின்னேர பஸ்ஸில் நானும் அவளோடு மூதூருக்குப் போனேன். காலடியில் ஒரு சாக்குப் புளியங்கட்டை இருந்தது. சாக்கின் வாயை நான் கட்டவில்லை.