தோன் கஸ்பாரின் புருஷன்

"மெல்லப் பேசுங்கள், கஸ்பார். என் தந்தை விழித்துக்கொண்டால் இந்தச் சன்னலே எனக்குச் சிறையாகிவிடும்" என்று சொல்லிவிட்டு லெஸ்மெஸ் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார். மடியில் கிழிந்த காலுறை ஒன்று கிடக்கிறது. நடுவிரலில் ஊசியைத் தள்ளுவதற்கான பித்தளைத் தொப்பி. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கும் குரல். எதிரே அவருடைய மனைவி கசில்தா, இடுப்பு வாளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "சிறை என்றால் என்னையும் உள்ளே வைத்துப் பூட்டச் சொல்லுங்கள், மென்சியா" என்று நெஞ்சுருகக் கெஞ்சுகிறாள்.

"அந்தத் தோள்பட்டை இழுக்குதா?" என்று அதே மூச்சில் கேட்கிறார் லெஸ்மெஸ்.

"இழுக்கல, மேஸ்திரி. அடுத்த வரியச் சொல்லுங்க."

எங்கள் நாடகக் குழுவின் தையற்காரர் லெஸ்மெஸ். வயாதோலித் நகரின் நாடகமுற்றத்தில் இந்தக் குளிர்காலம் முழுக்க ஆடிக்கொண்டிருக்கிறோம். நான் குழுவின் கிழட்டுத் தகப்பன். எந்த நாடகமானாலும் மகளைப் பூட்டிவைப்பதும் கடைசியில் ஆசீர்வதிப்பதும் என் வேலை. கசில்தா எங்கள் காதலன், இந்த நாடகத்தில் தோன் கஸ்பார். வாள் வீசுவாள், தொப்பியைக் கழற்றி வணங்குவாள், சன்னலுக்கு அடியில் நின்று உருகுவாள். அவளுக்கு இருந்த ஒரே குறை, கல்யாணம் ஆகாதது. குழுவில் புருஷன் இல்லாத பெண் மேடையேறக் கூடாது என்பது அரசாங்கத்தின் உத்தரவு. அதனால் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் எங்கள் முதலாளி ரிபாஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். கல்யாணம் ஆகாமலும் குடிக்காமலும் இருந்த ஆள் லெஸ்மெஸ் மட்டும்தான். கேட்டார். லெஸ்மெஸ் வாயிலிருந்த கொண்டைக்கடலையை மென்று விழுங்கிவிட்டு, "சரி" என்றார்.

மாதா கோவிலில் வைத்து முறையாகத்தான் கல்யாணம் நடந்தது. அன்று பிற்பகலே கசில்தா ஒத்திகைக்கு வந்துவிட்டாள். சத்திரத்து அறையில் அவர்கள் இருவர் கட்டிலுக்கும் நடுவே உடுப்புப் பெட்டி கிடக்கிறது. கல்யாணத்தன்று அதை நடுவில் தள்ளி வைத்தவள் அவள்தான். "இது ரெண்டு பேருக்கும் சௌகரியம், மேஸ்திரி" என்றாளாம். இவரும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளியிருக்கிறார்.

சுற்றி வளைப்பானேன், அவளிடம் அவர் உயிரையே வைத்திருக்கிறார். எங்களுடைய உடுப்புகளுக்கு ஒற்றைத் தையல், அவளுடையதற்கு இரட்டைத் தையல். எங்கள் கழுதைக்காரனுக்குக்கூட இது தெரியும். தெரியாதவள் ஒருத்திதான்.

இன்னொரு உத்தரவும் உண்டு. ஆண் வேடம் போடும் பெண் இடுப்புக்கு மேலேதான் ஆணாக இருக்கலாம். இடுப்புக்குக் கீழே பாவாடைதான். எனவே கசில்தாவுக்கு மேலே சட்டையும் வாளும் இறகுத் தொப்பியும், கீழே கணுக்கால் வரை பாவாடையும் தைத்துக் கொடுத்திருக்கிறார் லெஸ்மெஸ். ஆணும் பெண்ணும் சந்திக்கும் அந்த இடுப்புத் தையலை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு அதிகாரி வந்து குனிந்து பார்த்துத் திருப்தியடைகிறார். பெண்கள் தனியாக உட்கார்ந்து பார்க்கும் மாடத்தில் யாரும் அந்தப் பாவாடையைப் பார்ப்பதே இல்லை. பெண்களை இடித்து நெருக்கி இன்னும் நாலு பேருக்கு இடம் பண்ணுவதற்கென்றே அங்கே ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நெரிசலிலும் தோன் கஸ்பார் உள்ளே வந்தால் மூச்சுச் சத்தம் கேட்காது.

போன மாதம் கசாப்புக்கடைக்கார விதவை ஒருத்தி சீமைமாதுளை அல்வாவோடு பின்கட்டுக்கு வந்தாள்.

"கஸ்பாருக்கு இனிப்புப் பிடிக்குமா?"

"பிடிக்காதும்மா. எனக்குப் பிடிக்கும்" என்றார் லெஸ்மெஸ்.

"நீங்க யாரு?"

"கஸ்பாரோட புருஷன்."

யார் கேட்டாலும் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது இப்படித்தான். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பாதி அல்வாவை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மென்சியாவாக நடிப்பவள் ஹுசெபா. உச்சிவெயில் வராமல் அவளுக்குக் கண் திறக்காது. ஆகவே காலைப் பாடத்துக்கு மென்சியாவின் வரிகளை எடுத்துக் கொடுப்பவர் லெஸ்மெஸ். ஊரில் எந்த மனைவியும் தன் புருஷனிடம் தினமும் இப்படிக் கெஞ்சியிருக்க மாட்டாள். வாசலில் விழுந்து கிடப்பேன் என்கிறாள், நீ இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்கிறாள். அவர் காலுறையைத் தைத்துக்கொண்டே பதில் சொல்கிறார். மென்சியா சன்னல் கம்பி வழியே கை நீட்டும் இடம் வந்ததும் கசில்தா, "இங்க கை" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள். அவரும் தையலை நிறுத்துவதில்லை.

தவக்காலம் தொடங்கினால் எல்லாக் குழுக்களின் ஒப்பந்தமும் முடியும். கசில்தாவை அழைத்துப்போக செவில்லாவிலிருந்து வேறொரு குழுவின் ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் சொன்னது இது: "தையலுக்கு எங்ககிட்ட ஆள் இருக்கு. புருஷன் கூட வரணும்னு இல்ல. போகட்டும்னு அவரு அதிகாரி முன்னால ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மத்தத நாங்க பாத்துக்குவோம்."

பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கசில்தா இதைச் சொன்னபோது, இந்தப் பக்கத்திலிருந்து லெஸ்மெஸ், "உனக்கு நல்லதுன்னாச் சொல்லிடறேன்" என்றிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது.

"அவ போயிட்டா என்னய்யா பண்ணுவீர்?"

"பிடிச்சு வெக்க நான் யாரு, பெரியவரே?"

"புருஷன்யா நீர்."

"அது மேடைக்கு" என்று சொல்லிவிட்டு ஊசிக் கண்ணில் நூலைக் கோத்தார்.

நேற்று ஆட்டத்தில் முதல் அங்கம் முடியும்போது ஹுசெபாவுக்குப் பல்வலி பொறுக்க முடியவில்லை. இடைநாடகம் நடந்துகொண்டிருக்கையில் நாவிதர் வந்து பல்லைப் பிடுங்கினார். வாய் நிறைய ரத்தமும் துணியுமாக உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் அங்கத்தில் முதலில் வருவதே சன்னல் காட்சி. மென்சியா கம்பிக்கும் திரைக்கும் பின்னால் இருப்பாள், முகம் தெரியாது. ரிபாஸ் ஓடி வந்து லெஸ்மெஸின் தோளைப் பிடித்தார்.

"உமக்குத்தான் எல்லா வரியும் தெரியுமே. போய் நில்லும்."

"மடியில வேலை இருக்கே" என்றார் லெஸ்மெஸ். மடியில் இருந்ததைப் பிடுங்கி வைத்துவிட்டு அவரைத் தள்ளிக்கொண்டு போனோம்.

கஸ்பார் சன்னலுக்கு அடியில் வந்து நின்று அழைத்தான். "மெல்லப் பேசுங்கள், கஸ்பார்" என்று உப்புக் கேட்கும் குரல் வந்தது. நான் மாடத்தை அண்ணாந்து பார்த்தேன். நாடகம் பிடிக்காவிட்டால் மாடத்துப் பெண்கள் சாவிக்கொத்தைக் குலுக்குவார்கள். அதற்கப்புறம் எந்தக் குழுவும் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது.

"பாவம், சளி பிடிச்சிருக்கு போல" என்றாள் ஒருத்தி.

"சும்மா இருடி. உள்ளுக்குள்ள வெச்சுப் புழுங்கறவ இப்படித்தான் பேசுவா" என்றாள் இன்னொருத்தி.

சாவிகள் சத்தம் போடவில்லை. ஆனால் மேடையோரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி, விழித்துக்கொள்ளும் தகப்பனாக வரக் காத்திருந்த என் பக்கம் சாய்ந்தார்.

"உள்ள யாரு, பெரியவரே? ஆம்பளக் குரலா இருக்கே."

"கஸ்பாரோட புருஷன்."

"பொம்பள வேஷத்துல ஆம்பளையா?"

"வேஷம் எதுவும் போடலீங்க, அவர் சட்டையோடதான் நிக்கறாரு. பொம்பள மேடையேறினா புருஷன் கூடவே இருக்கணும்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?"

அதிகாரி மனசுக்குள் உத்தரவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். இதைத் தடுக்கிற உத்தரவு எதுவும் தட்டுப்படவில்லை. காலை நீட்டிக்கொண்டு நாடகம் பார்க்க ஆரம்பித்தார்.

பிறகு கை நீட்டும் இடம் வந்தது. ஹுசெபா சரிகைக் கையுறை போட்டுத்தான் நீட்டுவாள். அதை யாரும் லெஸ்மெஸுக்குச் சொல்லவில்லை. கம்பி வழியே அவருடைய பெரிய கை வெளியே வந்தது, விரலில் பித்தளைத் தொப்பியோடு. அதைக் கழற்ற மறந்துவிட்டார். மோதிரம் என்று மாடத்தில் பேசிக்கொண்டார்கள்.

கசில்தா வரி மறந்து நான் பார்த்ததில்லை. அந்தக் கையைப் பிடித்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் காய்த்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இந்தக் கை போதும் எனக்கு" என்று மேடைக்குப் பின்னாலிருந்து வரி எடுத்துக் கொடுத்தார்கள். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. குனிந்து முத்தமிட்டாள், உதடு பித்தளையில் பட்டது. பிறகுதான் வரியைச் சொன்னாள். அந்தக் குரல் கஸ்பாருடையது அல்ல.

மூன்றாம் அங்கத்தில் ஹுசெபா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வந்து ஒப்பேற்றினாள். நான் மகளை ஆசீர்வதித்தேன். லெஸ்மெஸ் விட்ட இடத்திலிருந்து காலுறையைத் தைத்தார்.  செவில்லாக்காரன் காலையில் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்று காலை நான் பூண்டுக் கஞ்சியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். செவில்லாக்காரன் வாசலில் நின்றான். வழக்கம்போல் லெஸ்மெஸின் மடியில் காலுறை, அவள் இடுப்பில் வாள். "மெல்லப் பேசுங்கள், கஸ்பார்" என்று தொடங்கி வரிகள் ஒழுங்காக வந்தன.

"இங்க கை" என்றாள் கசில்தா. அடுத்த வரிக்குப் போகவில்லை.

மறந்துவிட்டாள் என்று நினைத்து லெஸ்மெஸ் தலை நிமிராமல் எடுத்துக் கொடுத்தார். "'இந்தக் கை போதும்'னு வரும்."

"தெரியும், மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு, அவர் கைக்காகத் தன் கையை நீட்டினாள்.

லெஸ்மெஸ் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவைத்தார். நடுவிரலிலிருந்து பித்தளைத் தொப்பியைக் கழற்றி, பெஞ்சின் மேல் வைத்தார்.